வலி நிஜம்தான்

அன்புள்ள சார்,
நாலு வருஷமா இடுப்பு வலி. ஸ்கேன்ல டிஸ்க் லேசா பிதுங்கியிருக்குன்னு வந்துச்சு. மாத்திரை, பெல்ட் எல்லாம் பாத்தாச்சு. குனிய பயந்துக்கிட்டு ரெண்டு மார்கழியா வாசல்ல கோலம் கூட போடல. போன மாசம் பாத்த டாக்டர் "எல்லாம் டென்ஷன்தாம்மா"ன்னு அனுப்பிட்டார். அப்போ நான் நடிக்கிறேனா?
– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

நடிக்கலைங்க. அந்த டாக்டர் அப்படி சொல்லி அனுப்பியிருக்கக் கூடாது. ஆனா வலியில மூளைக்கு பங்கு இருக்குங்கறதும் நிஜம், அதனால வலி பொய்யாயிடாது.

1995ல ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல வந்த கேஸ் இது. கட்டட வேலை பாக்கற 29 வயசுக்காரர் 15 செ.மீ. ஆணி மேல குதிச்சிட்டார், ஆணி பூட்ஸைத் துளைச்சுக்கிட்டு மேல வந்து நிக்குது, லேசா அசைச்சாலே துடிக்கிறார், மயக்க ஊசி போட்டுத்தான் ஆணியை எடுத்தாங்க, பூட்ஸைக் கழட்டிப் பாத்தா ஆணி விரல் இடுக்குல போயிருக்கு, கால்ல ஒரு கீறல் இல்ல. அவர் துடிச்சது நடிப்பா? கண்ணு பாத்ததை வச்சு மூளை ஆபத்துன்னு முடிவு பண்ணிடுச்சு, வலி வந்துடுச்சு. காயம் ஆறினப்புறமும் மூளை அந்த முடிவை விடாம பிடிச்சுக்கிட்டிருந்தா வலியும் போகாது. பயமும் தூக்கம் கெடறதும் அதைக் கூட்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பாத்து பயப்படாதீங்க. வலியே இல்லாதவங்களோட ஸ்கேன்களை 2015ல தொகுத்துப் பாத்தப்போ 20 வயசுலயே 30% பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்துச்சு, 80 வயசுல 84%.

எனக்கும் தண்ணி கேன் தூக்கும்போது இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அப்புறம் ஒன்றரை வருஷம், கேன்காரர் மாடிப்படி ஏறுற சத்தம் கேட்டாலே இடுப்பு இறுகும், கேனைத் தொடவே வேணாம். பிசியோ அம்மா முதல்ல காலி கேனைத் தூக்க வச்சாங்க, ஒரு வாரம் கழிச்சு ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தி. முழு கேனுக்கு அஞ்சு மாசம் ஆச்சு.

2021ல அமெரிக்காவுல கொலராடோவுல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு, நாள்பட்ட முதுகுவலிக்காரங்க 151 பேர். வலி வரும்போது இது ஆபத்து இல்லன்னு மூளைக்கு பழக்கற பயிற்சியை நாலு வாரம் எடுத்த குரூப்ல மூணுல ரெண்டு பேருக்கு வலி அனேகமா போயிடுச்சு, வழக்கமான சிகிச்சையிலேயே இருந்தவங்கள்ல பத்துல ஒருத்தருக்குத்தான். எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்லல, ஆனா நம்ப இடம் இருக்கு.

ஒண்ணு மட்டும், கால் மரத்துப் போறது, பலம் குறையறது, ஒண்ணுக்கு போறதுல சிக்கல், காய்ச்சல், எடை குறையறது இதுல எது இருந்தாலும் உடனே டாக்டர்ட்ட போங்க. இதெல்லாம் இல்லன்னா, நல்ல பிசியோ ஒருத்தரைக் கூட வச்சுக்கிட்டு, நாளைக்கு காலைல வாசல்ல நாலு புள்ளி வச்சு சின்னதா ஒரு கோலம் போடுங்க. இடுப்பு கொஞ்சம் பிடிக்கும், பிடிக்கட்டும். மறுநாளும் அதே நாலு புள்ளி. ஒரு மாசம் கழிச்சு எத்தனை புள்ளி ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க.