ஒன்பது வரி அரசி

அன்புள்ள ஐயா,

எங்கள் நாடகக் குழுவில் சோபக்ளிஸின் ‘ஆன்டிகனி’யைத் தமிழில் போடுகிறோம். கிரியோனின் மனைவி யூரிடிசி வேடம் எனக்கு. போன வாரம் இயக்குநர் அந்தப் பாத்திரத்தையே வெட்டிவிட்டார். “ஒன்பது வரி பேசிவிட்டு உள்ளே போய்ச் சாகிறாள். செத்த செய்தியைத் தூதன் வந்து சொன்னால் போதாதா?” என்கிறார். கோபம் வந்தது, பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதும் சரிதானோ என்றிருக்கிறது. கிரேக்கத் துயர நாடகங்களில் அம்மாக்களும் அரசிகளும் என்ன செய்கிறார்கள்? அழுகிறார்கள், கொலை செய்கிறார்கள், இல்லையென்றால் தூக்கில் தொங்குகிறார்கள். கதை என்னவோ ஆண்களுடையதுதான். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

(பெயர் வேண்டாம். குழுவில் சண்டை வரும்.)

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் இயக்குநர் எண்ணிக்கையில் தப்புச் செய்யவில்லை. 1,350 வரிகளுக்கு மேல் ஓடும் நாடகத்தில் யூரிடிசிக்கு ஒன்பதே வரிகள். (ஆர்ஃபியஸின் மனைவி யூரிடிசி வேறு ஆள். அவளை நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.) சத்தம் போட்டு வாசித்துப் பார்த்தேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அவள் பேசி முடித்த பிறகு வாய் திறக்காமல் நின்று கேட்கிற ஐம்பது சொச்சம் வரிகளை அவர் எண்ணவில்லை. அவர் கத்தரிக்கோல் உண்மையில் விழுவது அங்கேதான்.

அந்த இடத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். யூரிடிசியின் மகனும் ஆன்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்டவனுமான ஹேமன் செத்துவிட்டான் என்று தூதன் கோரஸிடம், அதாவது மேடையில் நிற்கும் ஊர்ப் பெரியவர்கள் குழுவிடம், சொல்லிவிட்டான். அரண்மனைக் கதவு திறக்கிறது. அரசி, பல்லஸ் தேவியை (அதீனாவை) வேண்டிக்கொள்ளக் கிளம்பியவள். தாழ்ப்பாளை விலக்கும்போதே தன் வீட்டு இழவைப் பற்றிய பேச்சு காதில் விழ, பணிப்பெண்களின் கையில் மயங்கிச் சாய்ந்திருக்கிறாள். எழுந்து வந்து கேட்கிறாள்: என்ன பேசினீர்களோ அதை மறுபடி சொல்லுங்கள், துன்பம் எனக்குப் பழக்கம், கேட்டுக்கொள்வேன்.

தூதன் ஒன்றையும் மறைக்கவில்லை. மென்மையாகச் சொல்லி என்ன பயன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறான். கிரியோனின் தடையை மீறிச் சகோதரனைப் புதைத்ததற்காக அடைக்கப்பட்ட குகைக்குள் தூக்கில் தொங்கிய ஆன்டிகனி, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கிடந்த ஹேமன், அவன் அப்பாவின் முகத்தில் துப்பியது, அப்பாவை நோக்கி வீசிய வாள் குறி தவறியது, அதே வாளைத் தன் விலாவில் பாய்ச்சிக்கொண்டது, அந்தப் பெண்ணின் வெளிறிய கன்னத்தில் இரத்தம் தெறித்தது. அத்தனையும் பெற்றவளின் முகத்துக்கு நேரே சொல்லப்படுகிறது. முடிந்ததும் அவள் திரும்பி உள்ளே போய்விடுகிறாள். நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் இல்லை.

பெண் வேடங்களையும் ஆண்களே முகமூடி போட்டு நடித்த மேடை அது. முகத்தில் எதையும் காட்ட முடியாது. அந்த நேரத்தில் பார்வையாளர்களுக்குக் கிடைத்தது ஒரு முதுகு மட்டும். அதற்கு அர்த்தம் சொல்லும் வேலையைக் கோரஸும் தூதனும் எடுத்துக்கொள்கிறார்கள். ஊரறிய அழ விரும்பாமல் வீட்டுக்குள் பணிப்பெண்களோடு ஒப்பாரி வைக்கப் போயிருப்பாள், விவரம் தெரிந்தவள், தப்பாக எதுவும் செய்துவிட மாட்டாள் என்கிறான் தூதன். வீண் கூச்சலைப் போலவே மிதமிஞ்சிய மௌனமும் பயமாக இருக்கிறது என்கிறது கோரஸ்.

இந்தப் பேச்சில்தான் கிரியோனின் சட்டம் அவன் வீட்டுக்குத் திரும்பி வருகிறது. நாடகத்தின் தொடக்கத்தில் அவன் போட்ட ஆணை என்ன? ஆன்டிகனியின் சகோதரன் பாலினைசஸின் பிணத்தைப் புதைக்கவும் கூடாது, அதற்காக அழவும் கூடாது. இழவில் பெண்கள் மார்பைக் கீறிக்கொண்டு அழுவதற்குச் சட்டம் இயற்றிய சோலோன் காலத்திலேயே கட்டுப்பாடு விதித்த ஊர் ஏதென்ஸ். பெண்களின் அழுகை அரசாங்கத்துக்கு ஒரு தொந்தரவு என்பதை அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அழாதே என்று ஊருக்கு உத்தரவு போட்டவனின் மனைவி, கடைசியில் அவன் கேட்டதைவிட அதிகமாகவே கீழ்ப்படிகிறாள். தன் பிள்ளைக்காக ஊர் முன்னால் ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

உள்ளே நடந்தது பிறகுதான் தெரிகிறது. வீட்டுப் பலிபீடத்தருகே கத்தியால் குத்திக்கொள்வதற்கு முன் இரண்டு பெயர்களைச் சொல்லி அழுதிருக்கிறாள். முன்பே செத்த மூத்தவன் மெகாரியஸ், இப்போது ஹேமன். பிறகு, பிள்ளைகளைக் கொன்றவனே என்று புருஷனுக்குச் சாபம். துன்பம் எனக்குப் பழக்கம் என்று வந்தவுடன் ஏன் சொன்னாள் என்பது நூறு வரி கழித்து இங்கேதான் நமக்கு உறைக்கிறது. இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை போயிருக்கிறான். நாடகம் முழுக்க ஊர், ஆட்சி, ஒழுங்கு என்று முழங்கிய கிரியோன் அவனுக்காக ஒருமுறைகூட அழவில்லை. யூரிடிசியை வெட்டினால் அந்த மூத்த பிள்ளையும் சேர்ந்து போகிறான். சாபம் மிஞ்சும், தூதன் வாயால். ஆனால் சபித்தவளைப் பார்த்திராத கூட்டத்துக்கு அது எங்கிருந்தோ வந்த செய்தியாகத்தான் கேட்கும்.

சோபக்ளிஸ் இதை ஒரு தடவை செய்துவிட்டு விட்டவரில்லை. ‘ஈடிபஸ் மன்ன’னில் ஈடிபஸின் மனைவி யொகாஸ்டாவைப் பாருங்கள். அவனைப் பெற்றவளும் அவள்தான் என்பது முதலில் இருவருக்கும் தெரியாது. ஊரெல்லாம் புதிர் விடுவித்தவன் என்று புகழ்கிற ஈடிபஸுக்கு முன்பே உண்மையைக் கண்டுகொள்பவள் அவள்தான். கொரிந்திலிருந்து வந்தவன் பேசப் பேச அவளுக்குக் கணக்கு விளங்கிவிடுகிறது. வேண்டாம், மேலே கேட்காதே என்று கெஞ்சுகிறாள். அவன் கேட்கவில்லை. பாவப்பட்டவனே, உன்னை இனி இப்படித்தான் கூப்பிட முடியும், வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இதை வெறும் புலம்பலாக முதலில் வாசித்தவன்தான் நானும். பிறகொரு நாள்தான் உறைத்தது. அவளுக்கு முறை சொல்லிக் கூப்பிட வழியில்லை. புருஷன் என்றும் சொல்ல முடியாது, மகனே என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சிய ஒரே சொல் அது. அங்கேயும் கோரஸ் பயப்படுகிறது, இந்த மௌனத்திலிருந்து ஏதோ வெடிக்கப் போகிறது என்று. ஈடிபஸ் மட்டும், நான் அடிமைக்குப் பிறந்தவனாக இருந்துவிட்டால் அவளுக்குக் கௌரவக் குறைச்சல், அதுதான் கோபம் என்கிறான்! புத்திசாலி ஆண்களின் முட்டாள்தனத்துக்கு இதைவிட நல்ல வசனம் எனக்குத் தெரியாது. ‘டிராக்கிஸ் பெண்க’ளில் ஹெராக்ளிஸின் மனைவி டையனைராவும் அப்படியே. தெரியாமல் கணவனுக்குச் சாவு கொண்டுவந்தவளைப் பெற்ற மகன் சபிக்க, பதில் சொல்லாமல் உள்ளே போகிறாள். பேசாமல் போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாதா என்று கோரஸ் கேட்டும் திரும்பவில்லை.

கதை ஆண்களுடையது என்ற உங்கள் வரியை முழுக்க மறுக்க மாட்டேன். கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் முத்தொகுதியில் புருஷன் அகமெம்னானைக் கொன்ற கிளைட்டம்னெஸ்ட்ரா வாய் மூடாத அரசி. அதற்குப் பழிவாங்கக் கொல்ல வந்த மகன் ஒரெஸ்டஸிடம் மார்பைக் காட்டி, தூங்கி வழிந்தபடியே இதில் பால் குடித்தாயே என்கிறாள். அவன் கை ஒரு கணம் தயங்குகிறது. ஆனால் சற்று முன்புதான் ஒரு கிழச் செவிலி வந்து, அந்தக் குழந்தை இரவெல்லாம் கத்தியது, அதன் வயிறு யார் பேச்சையும் கேட்காது, துணி துவைத்ததே நான்தான் என்று அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். ஈஸ்கிலஸ் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாம் நாடகத்தில், தாயைக் கொன்ற அந்த மகனுக்காக அப்போலோ தேவன் வழக்காட வந்து, தாய் பெற்றவளே அல்ல, விதையைப் பாதுகாத்துத் தருபவள் மட்டும்தான் என்கிறான். தாய் வயிற்றில் பிறக்காத அதீனா அவன் பக்கம் வாக்குப் போட, மகன் விடுதலையாகிறான். எனக்கு அந்தத் தீர்ப்பு இன்றுவரை கசக்கிறது. இதை நீங்கள் உதாரணமாகக் காட்டியிருந்தால் தலையாட்டியிருப்பேன்.

அழுகிறவர்களைப் பற்றி எழுத இங்கே இடமில்லை. பேரனின் பிணத்தைக் கிடத்தப்போகும் கேடயத்தில், செத்துப்போன மகனின் கைத்தடத்தையும் வியர்வைக் கறையையும் தேடுகிற ட்ராய் அரசி ஹெகுபாவுக்கே தனிக் கடிதம் வேண்டும்.

உங்கள் இயக்குநரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரே ஒரு ஒத்திகை கேளுங்கள், தூதனின் பேச்சு முழுவதும் நீங்கள் மேடையில் நிற்கிற மாதிரி. தலையில் அடித்துக்கொள்வது, வாயைப் பொத்திக்கொள்வது எதுவும் வேண்டாம். கை எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், தாழ்ப்பாள் மேல்.

அன்புடன்.