தேசிய விளையாட்டு விருதுகளால் சமூகத்துக்கு என்ன பயன்? – ஓர் உடற்கல்வி ஆசிரியையின் பதில்

கேள்வி: “பதக்கம் வென்றவருக்கே மறுபடியும் ஒரு சிலையும் பணமும் கொடுக்கிறார்கள். அர்ஜுனா, கேல் ரத்னா போன்ற விருதுகளால் சாதாரண மக்களுக்கு என்ன பயன்?”

மூன்று நாட்களாக இந்தக் கேள்வியைத் திறப்பதும் பதில் எழுதாமல் மூடுவதுமாக இருந்தேன். கேட்டவர் விளையாடுகிற பிள்ளையைப் பெற்றவராக இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. மட்டைக்கும் காலணிக்கும் பேருந்துக்கும் சொந்தக் காசைச் செலவழித்துவிட்டு, குடியரசுத் தலைவர் மாளிகையின் விழாவைத் தொலைக்காட்சியில் பார்க்கிற ஒருவருக்குத்தான் இப்படி மனம் கசக்கும். அந்தக் கசப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் “என்ன பயன்” என்ற சொல்லைக் கடந்து போக என்னால் முடியவில்லை, ஏனெனில் அந்தப் பயன் என் பள்ளி மைதானத்துக்கே வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 19 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். அர்ஜுனா விருது 1961இல் தொடங்கியது என்பதும், முதல் ஆண்டிலேயே நம் மாநிலத்தின் மானுவல் ஆரோன் சதுரங்கத்துக்காகவும் ராமநாதன் கிருஷ்ணன் டென்னிசுக்காகவும் அதைப் பெற்றார்கள் என்பதும், 1991–92இல் நாட்டின் மிக உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னா ஏற்படுத்தப்பட்டபோது முதல் விருது விஸ்வநாதன் ஆனந்துக்குப் போனது என்பதும் பொது அறிவுப் போட்டிக்காக என் மாணவிகளுக்கு நான் ஆண்டுதோறும் மனப்பாடம் செய்விக்கிற செய்திகள். பரிசுத் தொகை 2020இல் உயர்ந்து கேல் ரத்னாவுக்கு 25 லட்சமும் அர்ஜுனாவுக்கு 15 லட்சமும் ஆனதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவும் தெரிந்திருந்த எனக்கு, அந்த விருதுகள் யாருக்காக என்பது 2025 ஜனவரி வரையில் தெரியாது.

எங்கள் பள்ளிக்கு 2022இல் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். அவளுடைய இடது கை பிறவியிலேயே முழங்கைக்குக் கீழே வளர்ச்சி குன்றியது. அவள் அம்மா அந்தக் கையைத் துப்பட்டாவின் மடிப்புக்குள் வைத்து ஊக்குக் குத்தித்தான் பள்ளிக்கு அனுப்புவார். விளையாட்டுப் பாடவேளையில் மற்ற பிள்ளைகள் ஓடும்போது இவள் வேப்பமர நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு மனம் கேட்கவில்லை. அதனால் அவளை அழைத்து ஸ்கோர் எழுதும் ஏட்டைக் கொடுத்தேன். அழகாக எழுதினாள். குறுவட்டப் போட்டிகளுக்கு அணி போகும்போதும் அவளை ஏட்டோடு அழைத்துப் போனேன். இரண்டரை ஆண்டுகள் இப்படிப் போயின. ஊனமுற்ற பிள்ளையை ஒதுக்காமல் அணியோடு சேர்த்து வைத்திருக்கிறேன் என்று தலைமை ஆசிரியர் ஒரு கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். நானும் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து 2025 ஜனவரி 2ஆம் தேதி பள்ளி திறந்த அன்றுதான் 2024ஆம் ஆண்டுக்கான விருதுப் பட்டியல் வெளியானது. மறுநாள் காலை அவள் நாளிதழின் ஒரு பக்கத்தை நான்காக மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அர்ஜுனா பெறும் 32 பேரில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் என்ற மூன்று தமிழ்நாட்டு வீராங்கனைகளின் பெயர்களுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

“மிஸ், இதுல எஸ்யூ5-ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன மிஸ்?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அன்று இரவு வீட்டில் தேடிப் படித்தேன். கையில் குறைபாடு உள்ளவர்கள் நின்று ஆடும் இறகுப்பந்து வகை அது. அவர்களுக்கு ஆடுகளம் சுருக்கப்படுவதில்லை, வலை இறக்கப்படுவதில்லை. ஒற்றையர் ஆட்டத்தை எல்லோரையும் போல முழு ஆடுகளத்திலேயே ஆடுகிறார்கள். 2024இல் பாரிஸில் நடந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் அந்த வகையில் துளசிமதி வெள்ளியும் மனிஷா வெண்கலமும் வென்றிருந்தார்கள். துளசிமதி அப்போது படித்துக்கொண்டிருந்தது எங்கள் நாமக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில். நான் வாரம் இரண்டு முறை கடந்து போகிற கல்லூரி அது. என் மாணவியிடம் மட்டையைக் கொடுத்திருக்க வேண்டிய நான், இரண்டரை ஆண்டுகள் பென்சிலைக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. தூங்கவில்லை.

“பதக்கம் வென்ற செய்தி செப்டம்பரிலேயே வந்துவிட்டதே, அப்போது தெரியவில்லையா” என்று யாராவது கேட்கக்கூடும். தெரியவில்லை என்பதுதான் உண்மை. பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியா 29 பதக்கங்கள் வென்றது. நாளுக்கு மூன்று நான்கு பெயர்களாக அவை வந்தன, காலாண்டுத் தேர்வு வேலைக்கு நடுவே நான் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போனேன். அது வேறு ஒரு போட்டி, வேறு மனிதர்களுக்கானது என்று மனம் ஒதுக்கி வைத்திருந்தது. விருதுப் பட்டியல் அப்படி ஒதுக்க விடவில்லை. அந்த ஆண்டு கேல் ரத்னா பெற்ற நால்வர், 18 வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியனான குகேஷ், பாரிஸ் ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் இரண்டு பதக்கங்கள் வென்ற மனு பாக்கர், ஹாக்கி அணித் தலைவர் ஹர்மன்ப்ரீத் சிங், பாராலிம்பிக் உயரத் தாண்டுதலில் தங்கம் வென்ற பிரவீன் குமார். அர்ஜுனா பெற்ற 32 பேரில் 17 பேர் மாற்றுத்திறனாளிகள். எல்லோரும் ஒரே பட்டியலில், ஒரே விழாவில். பதக்கம் தனித்தனி அரங்குகளில் வெல்லப்படுகிறது. விருது அவர்களை ஒரே வரிசையில் நிற்க வைக்கிறது. அந்த வரிசையைப் பார்த்துத்தான் என் மாணவி பேனாவை எடுத்தாள், நானும் கண்ணைத் திறந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அவளிடம் மட்டையைக் கொடுத்தேன். பந்தைப் பிடித்துப் போட இன்னொரு கை வேண்டுமே, சர்வீஸ் எப்படிப் போடுவாள் என்பதுதான் என் கவலையாக இருந்தது. அவள் ஊக்கை அவிழ்த்து, துப்பட்டாவைக் கம்பத்தில் கட்டிவிட்டு, இறகுப்பந்தை இடது முழங்கை மடிப்பில் செருகி, கையை லேசாக விரித்துப் பந்தை விழவிட்டு அடித்தாள். முதல் தடவையே வலைக்கு அந்தப் பக்கம் போனது. வீட்டுச் சுவரில் எத்தனை நாள் அடித்துப் பார்த்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பது எளிதாக இல்லை. போட்டியில் கலந்துகொள்ள மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். அந்த அட்டையை வாங்கினால் பிள்ளைக்கு ஊனம் என்று எழுத்தில் ஆகிவிடும், நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள் என்பது அவருடைய பயம். அதனால் பிறந்ததிலிருந்து வாங்காமலே வைத்திருந்தார். ஜனவரி 17ஆம் தேதி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு விருதுகளை வழங்கியபோது நாங்கள் பொங்கல் விடுமுறையில் இருந்தோம். அந்தக் காணொளியைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். கையைப் பற்றியோ பரிசுத் தொகையைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை.

“இந்தப் புள்ளைங்களோட அம்மாவும் அந்த எடத்துக்குப் போயிருப்பாங்களாங்க டீச்சர்?” என்று மட்டும் கேட்டார்.

போயிருப்பார்கள் என்று சொன்னேன். அன்று அவர் சரி என்று சொல்லவில்லை. சித்திரை முடிந்து, பள்ளி மறுபடியும் திறக்கும் சமயத்தில்தான் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று வந்தார்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும். அந்த அட்டைக்காக நாங்கள் ஓர் அலுவலகத்துக்கு ஐந்து முறை போனோம். ஒருநாள் மருத்துவர் இல்லை, ஒருநாள் புகைப்படத்தின் அளவு சரியில்லை, ஒருநாள் கணினி வேலை செய்யவில்லை. நாலாவது முறை அங்கிருந்த ஒருவர், பிள்ளையின் முன்னாலேயே, “கையே இல்லாத புள்ளைக்கு ஆட்டம் எதுக்கும்மா, உதவித்தொகைக்கு மட்டும் எழுதிக்கங்க” என்றார். டெல்லியில் நாட்டின் முதல் குடிமகள் எழுந்து நின்று கைகொடுக்கிற ஒரு சாதனையை, நம் ஊர் மேசைக்குப் பின்னால் இருப்பவர் அறிந்துகூட வைத்திருக்கவில்லை. விருதின் செய்தி எல்லா இடங்களுக்கும் போய்ச் சேர்வதில்லை என்பதை நான் மறுக்கவே இல்லை. அதிகாரிகளுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று இன்றும் சொல்கிறேன்.

விருதுகளைப் பற்றி நல்லதை எழுதினாலே அரசாங்கத்துக்கு ஆதரவாகப் பேசுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. தேர்வில் தவறுகள் நடந்திருக்கின்றன. 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற குத்துச்சண்டை வீரர் மனோஜ் குமார், 2014இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே அர்ஜுனா பெற்றார். நீதிமன்றத்துக்குப் போக வசதியில்லாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். 1972இல் ஹைடல்பெர்க்கில் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்ற முரளிகாந்த் பேட்கருக்கு அர்ஜுனா வாழ்நாள் விருது கிடைத்தது நான் மேலே சொன்ன அதே 2025 ஜனவரி விழாவில்தான். போரில் குண்டடி பட்டு வந்து நீந்தியவர் 52 ஆண்டுகள் காத்திருந்தார். அந்த விருது 1973இலேயே கொடுக்கப்பட்டிருந்தால், என்னைப் போன்ற ஓர் உடற்கல்வி ஆசிரியை அதைப் பயிற்சிக் கல்லூரியிலேயே படித்திருப்பாள். 2022இல் தன் பள்ளிக்கு வந்த பிள்ளையை மரத்தடியில் உட்கார வைத்திருக்க மாட்டாள். ஒரு விருது தாமதமாகும்போது அதைப் பெறுபவர் மட்டும் இழப்பதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளும் இழக்கிறார்கள்.

மல்யுத்தக் கூட்டமைப்பின் முன்னாள் தலைவர் மீதான பாலியல் புகார்களுக்கு நீதி கேட்டுப் போராடிய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத், 2023 டிசம்பரில் தம் கேல் ரத்னாவையும் அர்ஜுனாவையும் டெல்லி கர்த்தவ்ய பாதையில் வைத்துவிட்டுத் திரும்பினார். அதைச் சுட்டிக்காட்டி, “பெற்றவர்களே வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள்” என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். வெறும் வெண்கலப் பொம்மையாக இருந்தால் அதைத் தெருவில் வைப்பதால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. அவருக்கு அதைவிடப் பெரிய பொருள் கையில் இல்லை என்பதால்தான், நீதி கேட்கும்போது அதை வைத்தார். நாடும் திரும்பிப் பார்த்தது.

பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1985இல் அது தொடங்கியபோது முதல் ஆண்டிலேயே பி.டி. உஷாவின் பயிற்றுநர் ஓ.எம். நம்பியார் அதைப் பெற்றார். சிறுமியாக இருந்த உஷாவைக் கண்டெடுத்து, தடகளப் பாதையில் நிறுத்தியவர் அவர். அவரைப் போன்றவர்கள் உயர்ந்த இடத்தில் இருக்க வேண்டியவர்கள்தாம். அவருக்கும் முந்தைய படியில், பள்ளி மைதானத்தில் பிள்ளையை முதலில் பார்க்கிறவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. எனக்கு விருது வேண்டும் என்று இதை எழுதுவதாக எண்ண வேண்டாம். நான் செய்தது என்ன என்பதை மேலே ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். ஆனால் பள்ளி அளவில் ஓர் அங்கீகாரம் இருந்தால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது எங்கள் பாடவேளைகளைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கேட்டு வாங்குகிற வழக்கமாவது கொஞ்சம் குறையும்.

என் மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு. மாவட்ட அளவில் நடந்த மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றாள். தன்னைவிட மூத்த பெண்ணிடம் தோற்றதால் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு நிறைய வருத்தம். திரும்பி வரும் பேருந்தில், பின்கையால் வரும் பந்தை ஏன் எடுக்க முடியவில்லை என்பதை நாமக்கல் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் அம்மாவும் உடன் வந்திருந்தார். அடையாள அட்டையை நெகிழி உறைக்குள் போட்டு, வீட்டுச் சாவியோடு சேர்த்துத் தன் பையில் வைத்திருந்தார்.