வாசகர் கேள்வி: லே நகரத்தில் குடியிருந்து வேலை பார்க்க முடியுமா?

லடாக்கின் லே நகரத்தில் இருந்துகொண்டு சென்னைப் பதிப்பகங்களுக்குப் பக்க வடிவமைப்பும் புரூஃபும் செய்து கொடுக்கிறேன், இது ஐந்தாவது வருடம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐ.டி. கம்பெனியில் இருக்கிறேன், வீட்டிலிருந்தே வேலை. ஜூலையில் இரண்டு மாதம் லேயில் தங்க ஆசை. திங்கட்கிழமை காலை விமானத்தில் வந்து இறங்கி, மதியம் லாகின் செய்துவிடலாம்தானே அக்கா?
– வாசகர், மதுரை

கூடாது தம்பி. வெள்ளிக்கிழமை வந்து இறங்குங்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லீவு போட்டுவிடுங்கள். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர்தான். இங்கே காற்றழுத்தம் நம் கடற்கரை ஊர்களில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அதே கணக்கில் குறைகிறது. டில்லியில் விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்குள் இங்கே வந்து நிற்கிறோம். உடம்பு அவ்வளவு சீக்கிரம் வந்து சேராது.

நான் வந்த முதல் நாள் தெம்பாகத்தான் இருந்தேன். சாயங்காலமே சாந்தி ஸ்தூபிப் படிகளில் ஏறினேன், ஐந்நூறுக்கு மேல் இருக்கும். இரவு பத்து மணிக்குத் தலையைக் கயிறு போட்டு முறுக்கியதுபோல வலி. இரண்டு முறை வாந்தி. கண் அசந்தால் மூச்சு நின்று, திடுக்கிட்டு எழுவேன். வீட்டுக்கார அம்மா நடுராத்திரியில் கம்பளியைச் சுற்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். காலை வரை ஆக்சிஜன் வைத்திருந்தார்கள்.

ஆகவே முதல் இரண்டு நாள் படுக்கை, வெந்நீர், கஞ்சி, அவ்வளவுதான். மது வேண்டவே வேண்டாம். கர்துங் லா கணவாய்க்கு வண்டி பேசும் நண்பர்கள் கிடைப்பார்கள். அது 5,300 மீட்டருக்கு மேல், முதல் வாரம் அந்தப் பக்கம் போகாதீர்கள். உயரத்தால் வரும் இந்தக் கோளாறைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிப் புறப்படும் முன் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், மலையை விட்டுக் கீழே இறங்கவும் தயாராக இருக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு 68 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ஒரு மாதம் என்னோடு அழைத்து வரலாமா?
– வாசகி, நாகர்கோவில்

இதய டாக்டர் பார்த்து, சரி என்று வாய்விட்டுச் சொன்னால் மட்டும். என் அம்மாவை நான் அழைத்து வரவில்லை.

இன்டர்நெட், கரன்ட் எப்படி?
– வாசகர், ஓசூர்

முதலில் சிம். தமிழ்நாட்டில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு வாருங்கள். ஊருக்குள் 4ஜி நன்றாகக் கிடைக்கும், வீட்டுக்கு ஃபைபரும் வரும். என் வேலைக்குத் தாராளம்.

அறுந்தால்தான் கஷ்டம். கேபிள் மலைச் சாலையை ஒட்டி வருகிறது. மண் சரிந்தாலும் சாலை அகலப்படுத்தும் எந்திரம் தோண்டினாலும் ஊரே துண்டிக்கப்படும். எனக்கு இரண்டாவது வருடம் ஆகஸ்டில் அது நடந்தது. 320 பக்கப் புத்தகம், அச்சகத்தில் பேப்பர் இறங்கிவிட்டது, கடைசி ஃபைல் என் கையில். பத்திரமாக இருக்கட்டுமே என்று இரண்டு கம்பெனி இணைப்பு வைத்திருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் போயின. இரண்டு நாள் ஒரு மெயில் போகவில்லை. மூன்றாம் நாள் காலை, டில்லிக்கு விமானம் ஏறவிருந்த ஒருவரிடம் பென்டிரைவைக் கொடுத்தனுப்பினேன். அவர் டில்லியில் இறங்கி அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். அந்தப் பதிப்பாசிரியர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அன்றிலிருந்து எந்த வேலைக்கும் நான் குறிக்கும் தேதி, உண்மையான தேதிக்கு மூன்று நாள் முந்தியது. தினமும் நாலு மணி நேரம் வீடியோ மீட்டிங் இருந்தே தீரும் என்கிறவர்கள் இந்த ஊரை யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கரன்ட் பழைய நிலைமை இல்லை. 2019 பிப்ரவரியில் ஸ்ரீநகரிலிருந்து 220 கிலோவோல்ட் மின்பாதை வந்தபிறகு லே தேசிய மின்கட்டமைப்போடு சேர்ந்துவிட்டது. குளிர்காலத்தில் வெட்டு உண்டு. யுபிஎஸ் அவசியம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சுழலும் தட்டு உள்ள பழைய வகை ஹார்ட் டிஸ்க்கை நம்பி வராதீர்கள். அதன் ஊசிமுனை, தட்டுக்கு மேலே மெல்லிய காற்றுப் படலத்தில் மிதந்து ஓடுவது. பெரும்பாலானவற்றை 3,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டேன்.

அவ்வளவு வடக்கே போனால் ஆபீஸ் நேரம் குழம்பாதா?
– வாசகர், பெங்களூரு

உங்கள் ஊருக்கு நேர் வடக்கே இருக்கிறேன்! இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77.6 பாகையில் இருக்கின்றன. உங்களுக்கு உச்சி வெயில் அடிக்கும்போது எனக்கும் உச்சி வெயில்தான். பகலின் நீளம்தான் மாறும். டிசம்பரில் மதியத்துக்குப் பிறகு சீக்கிரமே மலை நிழல் விழுந்துவிடும்.

இட்லி வருமா?
– வாசகி, கும்பகோணம்

வரும், பொறுமை வேண்டும். தண்ணீர் இங்கே சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் நறுக்கு நறுக்கென்றுதான் இருக்கும். இட்லித் தட்டில் வழக்கத்தைவிட ஏழெட்டு நிமிஷம் அதிகம் வைக்கிறேன். மாவு புளிப்பதுதான் பெரிய பாடு. இந்த வீடுகளில் தெற்குப் பார்த்த ஒரு கண்ணாடி அறை இருக்கும், ஷெல்காங் என்பார்கள். வெளியே உறைபனியாக இருந்தாலும் பகலில் அது நம் ஊர் மார்கழி வெயில் மாதிரி இதமாக இருக்கும். அதில் மாவுப் பாத்திரத்தைக் கம்பளி சுற்றி வைப்பேன். ராத்திரி, அறையைச் சூடாக்கும் புக்காரி அடுப்புக்குப் பக்கத்தில் மாற்றுவேன். இரண்டாவது நாள் மத்தியானம் மூடியைத் திறந்தால் மேலே சின்னச் சின்னக் குமிழ் உடைந்துகொண்டிருக்கும். அந்த வாசனை வந்தால் வீட்டுக்கார அம்மா தானே கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பதிலுக்கு எனக்குக் கம்பீர் என்கிற இந்த ஊர் ரொட்டியும் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும்.

வீடு, தண்ணீர், கழிவறை பற்றி வெளிப்படையாகச் சொல்லுங்கள்.
– வாசகி, திருநெல்வேலி

இதைக் கேட்டதற்கு நன்றி அம்மா. இங்கே வர நினைக்கிற எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

லேயில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர். சென்னையில் ஐப்பசி அடைமழையில் ஒரே நாளில் கொட்டிவிடும் அளவு. இமயமலை மழைமேகத்தை மறித்துவிடுகிறது. ஊர் பிழைப்பது மலை உச்சிப் பனி உருகி வரும் தண்ணீரால். அது யூரா என்கிற வாய்க்கால்களில் வயலுக்கு வரும். எந்த வயலுக்கு எப்போது திறப்பது என்று முறை வைத்துப் பார்ப்பவருக்குச் சுர்போன் என்று பெயர். நம் ஊர் நீர்க்கட்டி, மடையர் மாதிரிதான். ஏப்ரலில் விதைக்கத் தண்ணீர் வேண்டும், உச்சிப் பனியோ ஜூனில்தான் நன்றாக உருகும். இந்த இடைவெளிக்காகத்தான் சேவாங் நோர்பெல் என்ற பொறியாளர், குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரைத் தாழ்வான நிழல் சரிவுகளில் தேக்கி உறைய வைத்துச் செயற்கைப் பனியாறுகள் அமைத்தார். 2015இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் சேர்த்து வைத்தது வயலுக்கான நீர். நாமோ சுற்றுலா விடுதியில் ஷவரைத் திறந்துவிட்டு நிற்கிறோம். விடுதிகளுக்காக ஆழ்துளைக் கிணறு போட்டுப் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள். இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் விடுதியில் மாதக்கணக்கில் தங்காதீர்கள், ஒரு குடும்பத்தோடு வீடெடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

நான் இருப்பது மேல்மாடியில் ஓர் அறை. கழிவறை பழைய முறை. மண் தரையில் நீள்சதுரத் துவாரம், மூலையில் மண்ணும் அடுப்புச் சாம்பலும் குவித்திருக்கும், ஒரு மண்வாரி. போன பிறகு இரண்டு வாரி தள்ள வேண்டும். நாற்றம் இருக்காது. சொட்டுத் தண்ணீர் அதற்குள் போகக் கூடாது. கழுவிக்கொள்வதற்குத் தனி இடம் உண்டு. வசந்தத்தில் கீழறையைத் திறந்தால் மக்கிய எரு, நேரே பார்லி வயலுக்குப் போகும். எனக்குப் பழக ஒரு வாரம் ஆயிற்று.

நவம்பர் கடைசியில் குழாய் உறைந்துவிடும். பிறகு தெருமுனையிலிருந்து கேன்தான். இருபது லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் நடக்கும்போது, சிந்தின தண்ணீர் கையுறையில் பட்டு அங்கேயே உறைந்து, விரல் கேனோடு ஒட்டிக்கொள்ளும். அப்படிக் கொண்டுவந்த தண்ணீரில் காய் கழுவினால், அதே தண்ணீரில் பாத்திரம் முதல் அலசு, அதற்குப் பிறகு தரை. நான் இதைக் கற்றது அந்த அம்மாவைப் பார்த்து. அவர் எனக்கு ஒரு முறைகூடச் சொல்லித் தரவில்லை.

பேச்சுத் துணைக்கு என்ன செய்கிறீர்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

‘ஜூலே’ என்ற ஒரு சொல் போதும். வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாம் அதுதான். பெயரோடும் உறவோடும் ‘லே’ சேர்த்தால் மரியாதை. அம்மா அமா-லே, அண்ணன் அச்சோ-லே, பாட்டி அபி-லே. நம் ‘ங்க’ மாதிரி. சந்தையில் சில நாள் பின்னாலிருந்து தமிழ் கேட்கும். திரும்பிப் பார்த்தால் ராணுவத்தில் இருக்கும் நம் பையன்கள். ஊர் பெயர் கேட்டுக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

என் மகளுக்கு விண்வெளி ஆசை. லடாக்கில் தொலைநோக்கி இருக்கிறதாமே?
– வாசகி, கோவை

ஹான்லேயில் இருக்கிறது, சுமார் 4,500 மீட்டர் உயரத்தில். 2 மீட்டர் விட்டமுள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கி, நம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரில். அதைப் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் இணைப்பில் இயக்குகிறார்கள். நான் மலையில் இருந்துகொண்டு தெற்கே வேலை செய்கிறேன், அவர்கள் தெற்கே இருந்துகொண்டு மலையில் வேலை செய்கிறார்கள். மகளிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

குளிர்காலத்தில் ஊருக்கு வந்துவிடுவீர்கள்தானே?
– வாசகர், விருதுநகர்

இல்லை. முதல் வருடம் வந்தேன், அதற்குப் பிறகு வரவில்லை. மைனஸ் இருபது வரை போகும். குளிரில் சிலிண்டரில் கேஸ் சரியாக ஆவியாகாமல் அடுப்பு எரியாது. ஸ்ரீநகர் சாலையில் உள்ள சோஜி லா கணவாய் மூடினால் காய்கறி விமானத்தில் வந்த விலை. புக்காரியை அணைக்காமல், காற்றுக்கு வழி விடாமல் தூங்கினால் உயிருக்கே ஆபத்து. இதை மறந்துவிடாதீர்கள். ஆனால் விடுதிகள் மூடி, ஊர் ஊராக இருப்பது அப்போதுதான். லடாக்கின் லோசர் புத்தாண்டு டிசம்பர் வாக்கில் வரும். அன்று எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கும். கண்ணாடி அறையில் உட்கார்ந்து நான் அதிகப் பக்கங்கள் முடிப்பதும் அந்த மாதங்களில்தான்.

ஏப்ரலில் ஒரு நாள் ஜன்னலுக்குக் கீழே யூராவில் சத்தம் கேட்கும். முதலில் காய்ந்த இலைகளைத் தள்ளிக்கொண்டு கலங்கலாக ஒரு விரல் உயரத்துக்கு வரும். அமா-லே கீழேயிருந்து ‘ச்சூ!’ என்று கூப்பிடுவார். தண்ணீர் என்று அர்த்தம். மண்வெட்டியோடு இறங்கி வாய்க்கால் அடைப்பு எடுக்க எனக்கும் அழைப்பு அது. அந்த வாரம் புரூஃப் ஒரு நாள் தாமதமாகும் என்று பதிப்பகங்களுக்கு மார்ச்சிலேயே சொல்லிவைத்துவிடுவேன்.