அமெரிக்க ஃப்ரீவேயில் இருக்கும் எக்ஸ்பிரஸ் லேன் எப்படி வேலை செய்கிறது? காசு கொடுத்துப் போவது லாபமா?

கேள்வி கேட்டவர் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறார். 880 ஃப்ரீவேயில் இடது ஓர லேன் மட்டும் ஓரளவு காலியாக ஓடுகிறதாம். மேலே பலகையில் டாலர் எண் மாறிக்கொண்டே இருக்கிறதாம், ஆனால் டோல் கேட் எங்கும் கண்ணில் படவில்லையாம். தனியாக ஓட்டுகிறவன் அதில் நுழையலாமா, நுழைந்தால் எவ்வளவு, அது வொர்த்தா என்று கேட்கிறார். ஹேவர்டில் வீடு, சன்னிவேலில் வேலை என்பதால் அந்தச் சாலையில்தான் என் பொழுது போகிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

தாராளமாக நுழையலாம். ஆனால் முதலில் ஃபாஸ்ட்ராக் டேக் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் ஃபாஸ்டேக் ஒட்டியிருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான். காஸ்ட்கோ, வால்கிரீன்ஸ் கடைகளில் கிடைக்கும், இணையத்திலும் வாங்கலாம். வாங்கும்போது ‘ஃப்ளெக்ஸ்’ டேக்தானா என்று பார்த்து வாங்குங்கள். அதில் 1, 2, 3+ என்று நகர்த்தக்கூடிய ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். காரில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதை அதில்தான் சொல்ல வேண்டும். சுவிட்ச் இல்லாத சாதாரண டேக் என்றால் காரில் கல்யாணக் கூட்டமே இருந்தாலும் ஒரே ஆள் என்றுதான் பதிவாகும்.

880இல் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 5 மணியிலிருந்து இரவு 8 மணி வரைதான் கட்டணம். மற்ற நேரங்களில் அது எல்லோருக்கும் பொதுவான இன்னொரு லேன், அவ்வளவுதான். கட்டண நேரத்தில் மூன்று பேர் இருந்தால் இலவசம், இரண்டு பேர் என்றால் பாதி, தனி ஆள் என்றால் முழுசு. பைக் இலவசம். கைக்குழந்தையும் ஓர் ஆள் கணக்குதான். ஊரிலிருந்து மாமியார் வந்து தங்கியிருக்கும் மாதங்களில் எங்கள் வீட்டுக் கார் கூசாமல் 3+ போட்டுக்கொண்டு போகும். மின்சாரக் காருக்குச் சலுகை உண்டு என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் அது பழைய கதை. அந்தச் சலுகைக்காகக் காரில் ஒட்டுகிற ஸ்டிக்கர் திட்டம் 2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டெஸ்லாக்காரரும் இப்போது நம்மைப் போலத்தான்.

இந்த விதிகள் சாலைக்குச் சாலை மாறும். லிவர்மோர் பக்கம் 580இல் இரண்டு பேர் இருந்தாலே இலவசம். ஒரே டேக் கலிஃபோர்னியா முழுக்கச் செல்லும் என்பதால் விதியும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். நடத்துகிற அமைப்புகள் வேறு வேறு. நுழையும் இடத்துப் பலகையில் எழுதியிருப்பதுதான் கணக்கு.

அந்தப் பலகையைப் படிப்பதுதான் புதியவர்களைக் குழப்புகிறது. பொதுவாக இரண்டு வரி இருக்கும். மேல் வரியில் அருகில் இருக்கும் ஓர் இடத்தின் பெயரும் அதுவரை போகிற கட்டணமும். கீழ் வரியில் தூரத்து இடமும் அதற்கான கட்டணமும். நீங்கள் லேனுக்குள் நுழைகிற நேரத்தில் என்ன விலை காட்டுகிறதோ அதுதான் உங்கள் விலை. நுழைந்து ஐந்து மைல் போனபின் வருகிற பலகையில் தொகை ஏறியிருந்தால் பதறாதீர்கள், அது உங்களுக்குப் பின்னால் நுழைகிறவர்களுக்கானது. காட்டப்படுவது தனி ஆளுக்கான முழுக் கட்டணம். கூட மனைவியோ நண்பரோ இருந்தால் மனதுக்குள் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

சரி, அந்த எண் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? இதுதான் முக்கியம். பெரும்பாலோர் நினைப்பது போல இது சாலை போட்ட செலவை வசூலிக்கும் கட்டணம் இல்லை. கூட்டத்தைத் தடுப்பதற்காக வைத்த விலை. சிலர் ‘இவ்வளவா, வேண்டாம்’ என்று ஒதுங்க வேண்டும் என்பதற்காகவே வைத்தது.

ஒரு ஃப்ரீவே லேனில் எல்லாம் ஒழுங்காக ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 2,000 கார்கள் கடக்கும். அந்த எல்லையைத் தொடுகிற வரை வேகம் பெரிதாகக் குறையாது. அதற்குமேல் கொஞ்சம் கார்கள் சேர்ந்தால் போதும், ஒருவர் பிரேக்கைத் தொடுவார், பின்னால் இருப்பவர் அழுத்துவார், அதற்கும் பின்னால் ஒருவர் நின்றேவிடுவார். லேன் உடைந்துவிடும். உடைந்த பிறகு, நிரம்பி வழிகிற அதே லேனில் மணிக்குக் கடக்கும் கார்களின் எண்ணிக்கை முன்பைவிடக் குறைந்துபோகிறது. அரிசியை மெதுவாகக் கொட்டினால் புனலில் சரசரவென்று இறங்கும், ஒரேயடியாகக் கவிழ்த்தால் அடைத்துக்கொள்ளும் அல்லவா, அதேதான். வாஷிங்டன் மாநிலப் போக்குவரத்துத் துறைச் செயலாளராக இருந்த டக் மெக்டொனால்ட் நிஜமாகவே அரிசியையும் புனலையும் வைத்து இதை மக்களுக்குக் காட்டினார்.

ஆக, லேன் அந்த விளிம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் விலையின் வேலை. சாலையோரக் கருவிகள் வேகத்தையும் கார்களின் எண்ணிக்கையையும் அளந்து அனுப்புகின்றன. லேன் நெருக்கத் தொடங்கினால் சில நிமிடங்களில் விலை ஏறும், கொஞ்சம் பேர் தயங்குவார்கள், நெரிசல் தணியும், விலை இறங்கும். எவ்வளவு ஏற்றியும் அடங்கவில்லை என்றால் பலகையில் டாலரே போய் ‘ஹெச்ஓவி ஒன்லி’, அதாவது ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வருகிற கார்களுக்கு மட்டும், என்று வந்துவிடும். அப்போது தனி ஆள் காசை நீட்டினாலும் இடம் இல்லை. இதற்கு மத்திய சட்டமும் பின்னால் நிற்கிறது. இப்படிச் சேர்ந்து வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய கார்பூல் லேனில் தனி ஆட்களைக் காசுக்கு விட்டால், நெரிசல் நேரத்தில் குறைந்தபட்ச சராசரி வேகம் 45 மைல், அதாவது ஏறத்தாழ 72 கிலோமீட்டர் இருக்க வேண்டும். அதுவும் 180 நாள் கணக்கில் 90 சதவீத நேரம். அதற்குக் கீழே போனால் அந்த லேனை நடத்துகிறவர்கள் விதிகளை இறுக்கித்தான் ஆக வேண்டும். பல இடங்களில் இலவசத்துக்கு இரண்டு பேர் போதும் என்பது மூன்று பேர் என்று மாறியதற்கு இதுபோன்ற நெருக்கடிதான் காரணம்.

இதிலிருந்து உங்களுக்கு நேரடியாகப் பயன்படுகிற ஒரு விஷயம் உண்டு. பலகையில் இருக்கும் எண், எக்ஸ்பிரஸ் லேன் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. உங்களுக்கு எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்பதை அது சொல்லவில்லை. ஆனால் மனிதமனம் வேறு மாதிரி கணக்குப் போடும். மினசோட்டாவின் இதே மாதிரி லேன்களில் விலையை ஏற்றிப் பார்த்த ஆய்வாளர்கள், ஏற்றியபோது காசு கொடுத்து நுழைகிறவர்கள் கூடியதைக் கண்டார்கள். ‘இவ்வளவு விலை என்றால் முன்னால் பெரிய ஜாம் போலிருக்கிறது’ என்று ஓட்டுநர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். நீங்கள் அந்தப் பொறியில் விழ வேண்டாம். அலுவலகம் கிளம்பும்முன் ஃபோன் மேப்பில் வழி முழுவதும் பாருங்கள். சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால், எந்த இடம் வரை காசு கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். முழுத் தூரத்துக்கும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நெரிசல் முடிகிற இடத்தில் புள்ளிக்கோடு வந்ததும் வெளியே வந்துவிடலாம்.

இந்த யோசனை கலிஃபோர்னியாவில்தான் முதலில் சாலைக்கு வந்தது. ஆரஞ்சு கவுண்டியில் 91ஆம் எண் சாலையின் நடுவில், பத்து மைல் நீளத்துக்கு, 1995 டிசம்பரில் திறந்தார்கள். நேரத்துக்கு ஏற்ப விலை மாறும், டோல் கேட் கிடையாது, எல்லாம் டேக் வழியாக. போக்குவரத்து நெரிசலுக்கு விலை வைக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரேக்கு அடுத்த ஆண்டுதான் நோபல் பரிசு அறிவித்தார்கள். பாவம், அறிவித்த மூன்றாம் நாள் இறந்துபோனார்.

91இல் நடந்தது இன்னொன்றையும் காட்டுகிறது. அதைக் கட்டியது ஒரு தனியார் நிறுவனம். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து வைத்திருந்தார்கள், பக்கத்திலேயே போட்டியாக அரசு சாலையை அகலப்படுத்தக் கூடாது என்று. இலவச லேன்கள் திணறத் திணறத்தானே காசு லேனுக்கு மவுசு! மாநில அரசு அருகில் புதிய லேன்கள் சேர்க்கப் போனபோது வழக்கு வந்தது, மக்கள் கொதித்தார்கள். கடைசியில் 2003இல் ஆரஞ்சு கவுண்டி போக்குவரத்து அமைப்பு 20 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து அந்த லேன்களையே வாங்கிவிட்டது. என்னைக் கேட்டால், ஒரு எக்ஸ்பிரஸ் லேன் நல்லதா கெட்டதா என்பது அந்த விலைப் பலகையின் பொத்தான் யார் கையில் இருக்கிறது, அவருக்கு ஓட்டம் முக்கியமா வருமானம் முக்கியமா என்பதைப் பொறுத்தது. 880 பொது அமைப்பின் கையில்தான் இருக்கிறது.

பணக்காரர்களுக்கான பாதை என்ற கோபம் நியாயமானதுதான். லெக்ஸஸ் என்ற சொகுசுக் காரை வைத்து ‘லெக்ஸஸ் லேன்’ என்று கிண்டலாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். வர்ஜீனியாவில் 66ஆம் எண் சாலையின் பத்து மைலுக்கு, 2017 டிசம்பரில் திறந்த முதல் வாரத்திலேயே கட்டணம் 40 டாலரைத் தொட்டது. ஹோட்டலில் மேஜை துடைக்கிறவருக்கு அது அரை நாள் சம்பளம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 880இல் பாதிக் கட்டணம் என்று 2023இல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள், அது நல்ல காரியம். இருந்தாலும் எனக்கு இதில் முழு எதிர்ப்பு வரவில்லை. காரணம், அந்த லேனில் பேருந்தும் காசில்லாமல் போகிறது, ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிற வேனும் போகிறது. லேன் உடைந்தால் அவர்களும் சேர்ந்துதான் நிற்பார்கள். தவிர, டே கேர் மூடுகிற நேரத்துக்குள் பிள்ளையைக் கூப்பிட ஓடுகிற அம்மாவுக்கு ஏழு டாலர் என்பது அன்றைய தாமதக் கட்டணத்தைவிடக் குறைவாக இருக்கலாம். தினமும் போகிறவர்களைவிட, அவசரத்துக்கு எப்போதாவது நுழைகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தினமும் எடுத்தால் மாதக் கடைசியில் வலிக்கும். வாரத்தில் எந்த நாள் அலுவலகத்துக் காலை மீட்டிங் தவறவே கூடாதோ அன்றைக்கு மட்டும் எடுங்கள். பக்கத்து லேன்கள் 50 மைலில் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுப்பது வெட்டிச் செலவு.

ஓட்டும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது நுழைவது. உங்கள் லேன் ஊர்ந்துகொண்டிருக்கும், இடப்பக்கம் எக்ஸ்பிரஸ் லேனில் 65இல் வந்துகொண்டிருப்பார்கள். கண்ணாடியில் தூரமாகத் தெரிகிற கார் இரண்டு நொடியில் உங்கள் டிக்கிக்கு வந்துவிடும். இண்டிகேட்டர் போட்டு, நல்ல இடைவெளி வரும்வரை பொறுத்து, நுழைந்ததும் தயங்காமல் ஆக்சிலேட்டரை மிதியுங்கள். இரண்டாவது வெளியே வருவது. உதாரணத்துக்கு, மோரி அவென்யூவில் இறங்க வேண்டும் என்றால், மோரி பலகை கண்ணில் பட்டபிறகு கிளம்பினால் முடியாது. வலது ஓரத்துக்கு வர நிற்கிற நான்கு லேன்களைத் தாண்ட வேண்டும். ஒரு மைலுக்கு முன்பே வெளியேறத் தொடங்கிவிடுங்கள். இரட்டை வெள்ளைக் கோட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் தாண்ட வேண்டாம், அது தனி அபராதம்.

சுவிட்சை 3+இல் வைத்துத் தனியாகப் போகலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். டேக்கைப் படிக்கிற கம்பத்தில் உள்ள விளக்கு, நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பக்கத்தில் நிற்கிற நெடுஞ்சாலைப் போலீஸுக்குக் காட்டிவிடும். பிடிபட்டால் குறைந்தது 490 டாலர். நண்பரை ஏற்றிக்கொண்டு போய்விட்டு அவர் இறங்கியபின் சுவிட்சை மாற்ற மறப்பதுதான் இன்னும் ஆபத்து, கதவை மூடும்போதே மாற்றிவிடுங்கள்.

டேக் வந்ததும் கணக்கில் காரின் நம்பர் பிளேட்டையும் சேர்த்துவிடுங்கள். சில நேரம் டேக்கைக் கருவி படிக்காது. அப்போது கேமரா பிளேட்டைப் பிடித்து உங்கள் கணக்கோடு பொருத்திப் பார்க்கும். தனி ஆள் கட்டணம் போகும், அவ்வளவுதான். பிளேட் கணக்கில் இல்லை என்றால் வீட்டுக்கு அபராதத்தோடு கடிதம் வரும். வாடகைக் கார் எடுத்தால் இன்னும் தொல்லை, வாடகை நிறுவனங்கள் டோலோடு தங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துத் தீட்டுவார்கள். அந்த நாட்களில் உங்கள் டேக்கை எடுத்துப் போய் வாடகைக் காரில் வையுங்கள், அதன் பிளேட்டையும் அந்த நாட்களுக்கு மட்டும் கணக்கில் சேருங்கள். காரைத் திருப்பிக் கொடுத்த கையோடு அதை நீக்கவும் மறக்க வேண்டாம், இல்லையென்றால் அடுத்து அந்தக் காரை எடுப்பவருடைய டோலும் உங்கள் தலையில் விழும்.