அம்மா நடக்கும் வழி

கேள்வி: உச்சிப்புளியில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு வயது 72. போன ஐப்பசி மழையில் கொல்லையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இப்போதும் விடியுமுன் எழுந்து வாசல் தெளிக்கப் போகிறார். மார்கழி முடியும்வரை வெளியே விடாமல் வைத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. நடமாட்டம் நின்றால் சில வாரங்களிலேயே கால் வலு குறைந்துவிடும். அப்புறம் வீட்டுக்குள்ளேயே விழுவார். அம்மாவை மாற்றுவதைவிட அவர் நடக்கும் வழியை மாற்றுவது எளிது.

நாளை அவர் எழும் நேரத்துக்கே எழுந்து, பின்னாலேயே கொல்லைக் குளியலறை வரை போங்கள். படி இறங்கும்போது அவர் கை எதைத் தேடுகிறது என்று பாருங்கள். துண்டு போடும் கம்பியைப் பிடிக்கிறாரா? அது ஆள் பாரம் தாங்காது, திருகாணியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அந்த இடத்தில்தான் கைப்பிடி வேண்டும். நம் கடற்கரை உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும்; எவர்சில்வர் பிடியாக வாங்கி, சுவரில் ஆழமாகப் பதிக்கச் சொல்லுங்கள்.

மழை விட்டாலும் சிமென்ட் தளத்துப் பாசி போகாது. பகலில் காய்ந்து கருப்பாகக் கிடக்கும். மார்கழிப் பனி இறங்கியதும் வழவழவென்று ஆகிவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஆசிட்டை மட்டும் அதோடு சேர்க்காதீர்கள், நச்சுப்புகை வரும். அம்மாவின் செருப்பையும் திருப்பிப் பாருங்கள். அடியில் கோடு தேய்ந்திருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும்படி ஒரு டார்ச் இருக்கட்டும். மழைக்காலத்தில் கரண்டை நம்ப முடியாது.

குளிர் நாளில் சிறுநீர் அடிக்கடி வரும். அவசரமாக எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். ஒரு நிமிடம் கட்டிலிலேயே உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்துச் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள், நிற்கவைத்தும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்திருப்பதால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றியும் அவசியம் கேளுங்கள்.

மறுபடி விழுந்து இடுப்பு வலி என்றாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, தூக்கி நிறுத்தாதீர்கள், எண்ணெய் போட்டு உருவாதீர்கள். அப்படியே படுக்கவைத்து 108க்குக் கூப்பிடுங்கள்.

கோலத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். வெளிச்சம் வரட்டும். தண்ணீர் தெளிப்பதை நீங்கள் செய்யுங்கள், தரை கொஞ்சம் உலர்ந்ததும் அம்மா வந்து புள்ளி வைக்கட்டும்.