நாய்க்குக் காப்பீடு எடுக்கும்போது பழைய நோயை மறைக்கலாமா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் வசிக்கிறேன். எங்கள் வீட்டு லாப்ரடார் நாய்க்கு நான்கு வயது. சென்ற ஆண்டு அதற்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, சிகிச்சைக்குப் பின் குணமானது. அதற்குக் காப்பீடு எடுக்க விரும்பியபோது முகவர் ஒருவர் இரண்டு பாலிசிகளைக் காட்டினார். ஒன்று, நாய் இறந்தால் மட்டும் பணம் தருவது, பிரீமியம் குறைவு. மற்றொன்றில் மருத்துவமனைச் செலவு, அறுவைச் சிகிச்சை, நாய் பிறரைக் கடித்தால் ஏற்படும் பொறுப்பு ஆகியவையும் அடங்கும். பிரீமியம் பல மடங்கு அதிகம். பழைய காய்ச்சலைப் படிவத்தில் எழுதினால் பாலிசி கிடைக்காது, எழுதாதீர்கள் என்கிறார். நான் எதை எடுப்பது? மறைத்தால் சிக்கல் வருமா? பணம் தர மறுத்தால் எங்கே முறையிடுவது?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற இரண்டும் அதையே சார்ந்திருக்கின்றன. மறைக்காதீர்கள். காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது. காப்பீடு தருவதா, என்ன பிரீமியத்தில் தருவது என்று நிறுவனம் முடிவெடுக்க உதவும் எந்த விவரமும் முக்கிய விவரமே என்று உச்ச நீதிமன்றம் சத்வந்த் கௌர் சந்து வழக்கில் 2009-இல் கூறியிருக்கிறது. சென்ற ஆண்டு சிகிச்சை பெற்ற உண்ணிக் காய்ச்சல் சந்தேகமின்றி அப்படிப்பட்ட விவரம்தான். ஆயுள் காப்பீட்டில் மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியை நிறுவனம் கேள்வி கேட்க முடியாது என்று 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவில் தரும் பாதுகாப்பு, பொதுக் காப்பீட்டு வகையைச் சேர்ந்த நாய்க் காப்பீட்டுக்குக் கிடையாது. ஆகவே, சில ஆண்டுகள் பிரீமியம் கட்டிவிட்டால் பழையது மறந்துபோகும் என்று எண்ண இடமில்லை. கிளைம் வரும் நாளில் நிறுவனம் கால்நடை மருத்துவரின் பழைய குறிப்புகளைத்தான் முதலில் கேட்கும்.

முகவர்தான் எழுத வேண்டாம் என்றார், அவரே படிவத்தை நிரப்பினார் என்பதும் உங்களைக் காப்பாற்றாது. கையெழுத்திட்டவர் படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்பதை ரேகாபென் ராத்தோட் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தம் கமிஷனுக்காக ஒரு குடும்பத்தை இப்படிப்பட்ட நிலைக்குத் தள்ளும் ஆலோசனை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உண்மையை எழுதுவதால் உங்களுக்குப் பெரும் நன்மை ஒன்றும் உண்டு. மன்மோகன் நந்தா வழக்கில் 2021 டிசம்பரில் வந்த தீர்ப்பு மனிதர்களுக்கான மருத்துவக் காப்பீடு பற்றியது எனினும், அதன் அடிப்படை இங்கும் பொருந்தும். காப்பீட்டுக்கு விண்ணப்பிப்பவர் தம் நோயை வெளிப்படுத்திய பிறகு, நிலையை மதிப்பிட்டுப் பாலிசி வழங்கிய நிறுவனம், அதே நோயைக் காட்டிப் பின்னர் கிளைமை மறுக்க முடியாது என்று அதில் நீதிமன்றம் கூறியது. ஆனால் பாலிசியிலேயே முன்பிருந்த நோய்களுக்கு வெளிப்படையான விலக்கு, அதாவது அவற்றுக்குப் பணம் தரப்படாது என்ற விதி இருந்தால், அந்த விலக்கே செல்லும். எனவே காய்ச்சல் வந்த மாதம், பெற்ற சிகிச்சை, குணமானதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றைப் படிவத்துடன் இணையுங்கள். மீண்டும் உண்ணிக் காய்ச்சல் வந்தால் அதை முன்பிருந்த நோயாகக் கருதுவீர்களா, புதிய நோயாகவா என்று நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் பெறுங்கள். சென்னையில் உண்ணித் தொல்லை ஆண்டு முழுவதும் இருப்பதால், உங்கள் நாயைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு பதிலே முக்கியம்.

இனி, எந்தப் பாலிசி என்ற கேள்வி. சட்டத்தின் பார்வையில் நாய் அசையும் சொத்து. இறப்புக்கு மட்டும் பணம் தரும் பாலிசியில் கிடைப்பது பொதுவாகக் காப்பீட்டுத் தொகை அல்லது இறக்கும்போது இருந்த சந்தை மதிப்பு, இவற்றுள் எது குறைவோ அது. கால்நடைக் கடனுக்கு ஈடாகும் கறவை மாட்டுக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். வருமானத்துக்காக வளர்க்கப்படாத வீட்டு நாய்க்கு அவ்வளவாகப் பொருந்தாது. வயது கூடக்கூடச் சந்தை மதிப்பு சரியும். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய் என்றால் மதிப்பை நிறுவுவதே கடினம். குடும்பத்துக்கு உண்மையில் பணச்சுமை வருவது இரண்டு வழிகளில்: நீண்ட சிகிச்சை அல்லது அறுவைச் சிகிச்சை, பிறருக்கு ஏற்படும் காயம். ஆகவே உங்களுக்கு இரண்டாவது வகையையே பரிந்துரைக்கிறேன். பிரீமியம் கடினமாக இருந்தால் இறப்புப் பிரிவைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சிகிச்சைப் பிரிவைக் குறைக்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன் விளம்பரத் தாளை ஒதுக்கிவிட்டு, பாலிசியின் முழு வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். நோய்க்கான காத்திருப்புக் காலம் (பாலிசி தொடங்கியபின் நோய்க்குக் கிளைம் கேட்க முடியாத நாட்கள்) எத்தனை நாள், ஒவ்வொரு கிளைமிலும் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு எவ்வளவு, தனித்தனிச் சிகிச்சைக்கு உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். காட்டாக, உங்கள் பங்கு 20 சதவீதம் என்றால், 40,000 ரூபாய் அறுவைச் சிகிச்சையில் 8,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். உச்சவரம்பு 25,000 ரூபாய் என்றால் இன்னும் அதிகம் போகும். பரம்பரைக் குறைபாடுகளுக்கான விலக்கையும் தேடிப் படியுங்கள். லாப்ரடார் இனத்தில் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு பரவலாகக் காணப்படுவது. அது விலக்கப்பட்டிருந்தால் அதிக பிரீமியத்தின் பயன் பெருமளவு குறைந்துவிடும். தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கு, ஊசி தவறியிருந்தால் பணம் தர மாட்டார்கள்.

விலக்கு விதிகள் உங்களிடம் தரப்படவே இல்லையென்றால், அவற்றை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்பது பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. இருப்பினும் அதை நம்பிப் படிக்காமல் இருந்துவிடக் கூடாது; அந்தத் தீர்ப்பின் பலனைப் பெற நீங்கள் வழக்காட வேண்டியிருக்கும்.

பிறரைக் கடிப்பது பற்றி. விலங்கைக் கட்டுப்பாட்டில் வைக்கத் தவறி மனித உயிருக்கு ஆபத்து அல்லது கொடுங்காயம் நேரக்கூடிய நிலையை உண்டாக்கினால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். எந்தப் பாலிசியும் இந்தத் தண்டனையை ஏற்காது. காயமடைந்தவருக்கு நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டை மட்டுமே ஏற்கும். வீட்டு வேலை செய்பவரையோ குடும்பத்தினரையோ கடித்தால் அது பிறருக்கான இழப்பீட்டை ஏற்கும் மூன்றாம் நபர் பிரிவில் சேருமா என்றும் பாருங்கள், பெரும்பாலும் சேராது. சென்னை மாநகராட்சியின் வளர்ப்பு நாய் உரிமத்தைப் புதுப்பித்து, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும், நாயின் தோலடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் எண்ணையும் பாலிசியுடன் சேர்த்து வையுங்கள். உரிமம் இல்லாத நாய்க்கு இழப்பீடு கேட்கும்போது நிறுவனம் எழுப்பக்கூடிய முதல் ஆட்சேபம் அதுவாகவே இருக்கும். காப்பீடு செய்த நாய் இதுதான் என்று நிறுவவும் மைக்ரோசிப்பே மிகச் சிறந்த சான்று.

கிளைம் நேரும்போது உடனே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கிளைமை இயந்திரத்தனமாக மறுக்கக் கூடாது என்று ஓம் பிரகாஷ் வழக்கில் (2017) தீர்ப்பு உண்டு. ஆனால் அது தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டுபவர்களுக்கே உதவும். சான்றிதழ்கள் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவரிடமிருந்து வர வேண்டும். நாய் இறந்துவிட்டால், துயரத்தின் நடுவிலும், நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பிரேதப் பரிசோதனை தேவையா என்று கேட்டறிந்த பின்னரே புதையுங்கள்.

மறுப்பு வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அலுவலர்) முறையிடலாம். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் அனுமதிக்கப்படுவதில்லை. தீர்வு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். மற்றொரு வழி, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். நீங்கள் செலுத்திய பிரீமியம் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் அங்கும் கட்டணம் கிடையாது. ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது ஓம்புட்ஸ்மேன் அதே புகாரை ஏற்க மாட்டார், ஆகவே முதலில் ஓம்புட்ஸ்மேனிடம் செல்வதே உங்களுக்குச் சிக்கனமான வழி. அங்கே கழியும் மாதங்களை இரண்டு ஆண்டுக் கணக்கிலிருந்து ஆணையம் கழித்துவிடும் என்று நம்பியிருக்காமல், மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்தே நாட்களை எண்ணி, காலவரம்பு முடிவதற்குப் போதிய அவகாசம் இருக்கும்போதே ஆணையத்துக்கான மனுவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.