டொலீடோ வீட்டுக் கொல்லையில் தேங்கும் தண்ணீர்

ஏப்ரல் முடிந்தும் தண்ணீர் வற்றவில்லை, மணல் கொட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. கொஞ்சம் மணல் அங்கே உள்ள களிமண்ணோடு சேர்ந்தால் காய்ந்ததும் செங்கல்தான்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டொலீடோ வட்டாரம் சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன், பனியாறு உருகித் தேங்கிய ஏரியின் அடித்தரை. 19ஆம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டி வடிக்கும்வரை பெரும் சதுப்புக்காடு. தரை தட்டை, அதனால் தண்ணீர் ஓட வழியில்லை; களிமண்ணில் இறங்கவும் நாளாகும். இரண்டடி தோண்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் துருப்புள்ளிகள் தெரிந்தால், வருஷத்தில் பல வாரம் அங்கே காற்று புகுவதில்லை. (மற்றபடி சத்தான மண்தான்.)

துளையிட்ட குழாய் பதிக்கலாம், ஆனால் நீர் வெளியேறத் தாழ்வான இடம் வேண்டும். அது இல்லையென்றால் மேட்டுப்பாத்தி கட்டி மக்கு உரம் போடுங்கள். அப்புறம், ஈரத்தில் மண்வெட்டி வைக்காதீர்கள். மண் இன்னும் இறுகிவிடும்.